எத்தன தையல்?

பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போகிற வீட்டில் முதலில் குழந்தையின் எடை, நிறம், யார் சாடை என்று பேச்சு ஓடும். ஆண்கள் எழுந்து வாசல் பக்கம் போனதும் குரல்கள் இறங்கும். "எத்தன தையல்?" அவ்வளவுதான் கேள்வி. எங்கே தையல் என்று யாரும் சொல்வதில்லை, யாரும் கேட்பதுமில்லை. "அஞ்சு", "ஏழு", "தெரியலக்கா, மிஸ்ஸி சொல்லல" என்று பதில் வரும். அதன் பிறகு பேச்சு பத்தியத்துக்கும் பூண்டுக் குழம்புக்கும் போய்விடும்.

அந்த 'எங்கே'வுக்கு அன்றாடத் தமிழில் பெயரில்லை. பிறப்புறுப்புக்கும் மலவாய்க்கும் இடையில் இருக்கிற, இரண்டு மூன்று விரல் அகலமே உள்ள சதைப்பகுதி அது. மருத்துவர்கள் பெரினியம் என்கிறார்கள். நம் பெண்கள் 'கீழ' என்கிறார்கள். 'கீழ கிழிஞ்சிடுச்சி.' தமிழில் இதையெல்லாம் எழுத முடியாது என்பதல்ல. யாழ்ப்பாணம் மானிப்பாயில் இருந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே தன் மாணவர்களுக்குத் தமிழில் மருத்துவம் சொல்லிக்கொடுத்தார், மகப்பேற்று நூல் ஒன்றையும் தமிழாக்கினார். உடலின் ஒவ்வொரு துண்டுக்கும் சொல் தேடிய மனிதர் அவர். அந்தச் சொற்கள் யாழ்ப்பாணத்து மாணவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. கப்பலேறி மலாயாவுக்கு வந்த பெண்களிடம் 'கீழ' மட்டும்தான் இருந்தது.

கிழிசலை மருத்துவம் நான்கு நிலையாகப் பிரிக்கிறது. முதல் நிலையில் தோல் மட்டும் கிழியும். இரண்டாவதில் உள்ளே இருக்கும் தசையும் சேரும். மூன்றாவதில் மலவாயைச் சுற்றி வளையமாக இருந்து இறுக்கிப் பிடிக்கும் தசை அறும். நான்காவதில் மலக்குடலின் உட்சுவர் வரைக்கும் போய்விடும். சுகப்பிரசவம் ஆகும் பெண்களில் 85 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு அளவில் காயம் ஏற்படும் என்று பிரிட்டன் மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. பெரும்பாலானவை முதல் இரண்டு நிலைகள். ஆறிவிடும். மூன்றும் நான்கும்தான் வேறு கதை. சரியாகக் கண்டுபிடித்துச் சரியாகத் தைக்காவிட்டால் காற்றையும் மலத்தையும் அடக்கும் சக்தி போய்விடலாம். சிலருக்கு உடனே தெரியும். சிலருக்கு இருபது முப்பது வருடம் கழித்து, மாதவிடாய் நின்ற பிறகு தெரியும்.

இதைக் கேமரன் மலையில் வைத்து எழுதுவதற்கு என் அப்பாவைப் பெற்ற பாட்டிதான் காரணம். ரிங்லெட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். ஆறு பிள்ளைகள், அதில் நான்கு லயத்து வீட்டில் பிறந்தவை. பாட்டி பஸ் ஏற மாட்டார். தாப்பா சாலையில் வளைவுகள் அதிகம், தலை சுற்றும், வாந்தி வரும் என்பதுதான் வீட்டில் எல்லோரும் சொன்ன காரணம். ஈப்போவில் கல்யாணம் என்றால் "நீங்க போய்ட்டு வாங்கய்யா, நான் வீட்டப் பாத்துக்கிறேன்" என்பார். அவர் இறந்து சில வருடங்கள் கழித்து அத்தை ஒருத்தர், அதுவும் என் அக்காவிடம் மட்டும், சொன்னார்: "வாந்தியாவது ஒண்ணாவது. அம்மாவுக்கு அடக்க முடியாதுடி. மூத்தவன் பொறந்ததுலேர்ந்தே." அந்தத் தகவல் அக்கா வழியாக எனக்கு வந்தது. அப்பாவுக்கு இன்னும் தெரியாது. இந்தக் கட்டுரையை அவர் படிக்க மாட்டார் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

கேமரன் மலையின் வரலாறு வழக்கமாக ஆண்களின் பெயர்களால் சொல்லப்படும். 1885இல் வந்து நில அளவை செய்த வில்லியம் கேமரன். 1929இல் போ நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல். அவரோடு கூட்டுச் சேர்ந்த, சிலோனில் தேயிலை போட்டுப் பழகிய ஏ.பி. மில்ன். 1933இல் பாரத் தோட்டத்தை ஆரம்பித்த அகர்வால் குடும்பம். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் மலைச்சாலை 1930களின் தொடக்கத்தில் தயாரானது. ரஸ்ஸல் 1933இலேயே இறந்துவிட்டார், தோட்டம் குடும்பத்திடம் போனது. இந்த வரிசை எல்லா சுற்றுலாப் புத்தகத்திலும் இருக்கிறது. சரிவுகளில் காடு வெட்டி, செடி நட்டு, கொழுந்து பறித்த தமிழர்கள் இந்த வரிசையில் 'தொழிலாளர்கள்' என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கிவிடுவார்கள்.

தேயிலை பெண்களின் கையை நம்பி வளர்ந்த பயிர். இரண்டு இலை ஒரு மொட்டு என்று கிள்ளும் வேலைக்கு நீளமான, வேகமான விரல்கள் வேண்டும் என்று தோட்டக்காரர்கள் நம்பினார்கள். ஆனால் சம்பளம் அப்படி இல்லை. சாலை வசதியுள்ள பகுதித் தோட்டங்களுக்கு அன்று வகுத்திருந்த நிலையான நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1936 கடைசியில் இந்திய அரசின் சார்பில் மலாயாவுக்கு வந்து தோட்டங்களைச் சுற்றிப் பார்த்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி 1937இல் அறிக்கை வெளியிட்டார். கூலி, கங்காணி முறை, கள், ஆண் பெண் விகிதம் என்று அதைச் சுற்றிப் பெரிய விவாதம் நடந்தது. அடுத்த வருடமே, 1938இல், தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது. அதற்குப் பிறகு தோட்டத்துக்கு வேண்டிய அடுத்த தலைமுறை ஆட்கள் தோட்டத்திலேயேதான் பிறக்க வேண்டியிருந்தது. லயத்தில் நடக்கும் பிரசவம் முதலாளிக்கும் முக்கியமான விஷயமாகிவிட்டது.

சட்டம் அதற்கு முன்பே வந்திருந்தது. 1923 தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பிள்ளைப்பேற்றை ஒட்டிய காலத்துக்குத் தோட்டப் பெண்களுக்குப் படி கொடுக்க வைத்தது. ஆயாக் கொட்டகை, பள்ளிக்கூடம் எல்லாம் இந்தக் காலத்துச் சட்டங்களின் பிள்ளைகள்தான். மோசமான சட்டம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது எண்ணிய விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பிறந்த குழந்தை, இறந்த குழந்தை, இறந்த தாய், கொடுத்த படி. உயிரோடு எழுந்து மறுபடி பெரட்டுக்கு வந்து நின்றவளைப் பற்றி எந்தக் கட்டத்திலும் எழுத ஒன்றுமில்லை. அவள் பிழைத்துவிட்டாள். கணக்கு முடிந்தது.

தோட்டத்தில் பிள்ளை பார்த்தது மருத்துவச்சிக் கிழவிகள். உத்திரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டு குந்தவைத்துப் பெறும் வழக்கம் ஊரிலிருந்து வந்தது. வெந்நீர், விளக்கெண்ணெய், கை. அந்தக் கைக்கு நிறையத் தெரியும், ஆனால் தைக்கத் தெரியாது. கிழிந்தால் "கால சேத்து வெச்சுப் படு" என்பதுதான் வைத்தியம். ஐரோப்பாவிலும் நீண்ட காலம் தொடையைச் சேர்த்துக் கட்டிப் படுக்கவைப்பதுதான் நடந்தது. இத்தனைக்கும் இத்தாலியின் சலெர்னோவில் 12ஆம் நூற்றாண்டிலேயே, த்ரோத்தா என்ற பெண் மருத்துவரின் பெயரோடு சேர்ந்த நூலில், கிழிசலைப் பட்டு நூலால் தைக்கும் முறை எழுதப்பட்டிருக்கிறது. எழுதியது ஒன்று, நடந்தது ஒன்று.

தைக்கத் தெரிந்தவர் தோட்டத்தில் இருந்திருந்தால் அது டிரெஸராகத்தான் இருக்கும். டிரெஸர் ஆண். காய்ச்சலுக்குக் கைகாட்டுவார்கள், காலில் வெட்டுப்பட்டால் காட்டுவார்கள். இதைப் போய் யார் அவரிடம் காட்டுவது? அவருக்கும் கிராணிக்கும் பழக்கம், கிராணிக்கும் ஊருக்கும் பழக்கம். பாட்டி காட்டவில்லை.

இப்போது 'காரணி' என்ற சொல்லுக்கு வருகிறேன். ஆபத்துக் காரணி என்று இன்று சர்வசாதாரணமாகப் பயன்படுத்துகிறோம். இந்தச் சொல்லாட்சியைப் பரப்பியது மாரடைப்பு பற்றிய அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஆய்வு, 1961இல். காரணி என்பது காரணம் அல்ல. நான் சிவில் படித்தவன், அதனால் மண்சரிவு வழியாகத்தான் இது எனக்குப் புரிகிறது. 2014 நவம்பரில் ரிங்லெட் பக்கம் மலை சரிந்தபோது எல்லோரும் மழையைச் சொன்னார்கள். மழை தூண்டுதல். சரிவின் கோணம், மண்ணின் தன்மை, வடிகால், அடிவாரத்தை யார் எவ்வளவு வெட்டினார்கள் என்பதெல்லாம் காரணிகள். இதில் எந்தக் காரணியை ரிப்போர்ட்டில் முதல் வரியாக எழுதுகிறோம் என்பதில்தான் அரசியல் இருக்கிறது. 'இந்த மண்ணே அப்படித்தான்' என்று எழுதிவிட்டால் வெட்டியவன் தப்பித்துவிடுவான்.

கிழிசலுக்கான காரணிகளாக மருத்துவ நூல்கள் சொல்வது இவை. முதல் பிரசவம். நான்கு கிலோவுக்கு மேல் எடையுள்ள குழந்தை. முகம் மேல்நோக்கி இறங்கும் குழந்தை. தலை வந்தபின் தோள் மாட்டிக்கொள்வது. முக்கும் கட்டம் நீண்டுபோவது. ஆயுதம் போடுவது, அதிலும் உறிஞ்சு குழலைவிட இடுக்கி மோசம். நேர்கோட்டில் மலவாயை நோக்கி வெட்டும் கத்தரிப்பு. முன்பே ஒருமுறை பெரிதாகக் கிழிந்திருப்பது. பட்டியலில் கடைசிப் பக்கம் இன்னொன்றும் வரும். ஆசிய இனம்.

முதன்முதலில் அதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஏனென்றால் நூறு வருடம் முன்னால் இதே மருத்துவம் நேரெதிராகச் சொன்னது. அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் எங்கல்மன் 1882இல் 'ஆதி' மக்களின் பிரசவம் பற்றி ஒரு புத்தகமே போட்டார். உடல் உழைக்கும் பெண்கள், வெள்ளைக்கார நகரத்துப் பெண்களைப்போல் அல்லாமல், சுலபமாகவும் சீக்கிரமாகவும் பெற்றுவிடுகிறார்கள் என்பது அதன் கருத்து. குந்துதல், மண்டியிடுதல், கயிறு பிடித்தல் போன்ற நிலைகளை அக்கறையோடு படம் போட்டுப் பதிவு செய்தவரும் அவரே, அதை மறுக்கக்கூடாது. ஆனால் இந்தக் கருத்து காலனித் தோட்டங்களுக்கு எவ்வளவு வசதி! கூலிக்காரி காலையில் பெற்று மாலையில் எழுந்துவிடுவாள். அவளுக்கு எதற்கு மருத்துவர்?

இன்னொரு பக்கம், 1920இல் சிகாகோவின் ஜோசஃப் டிலீ, பிரசவம் என்பதே தாயைக் காயப்படுத்தும் நிகழ்ச்சி, அதனால் முன்கூட்டியே கத்தரித்து இடுக்கி போட்டு எடுப்பது நல்லது என்று வாதிட்டார். கிழிவதைவிட வெட்டித் தைப்பது மேல் என்ற நம்பிக்கை உலகம் முழுக்கப் பரவியது. முதல் பிரசவம் என்றால் கத்தரி என்பது பல ஆஸ்பத்திரிகளில் கேள்வியே இல்லாத வழக்கம் ஆனது. 1983இல் தாக்கர், பாண்டா என்ற இருவர் இதற்கு ஆதாரம் எங்கே என்று தேடிப்பார்த்தார்கள். கிடைக்கவில்லை. 1993இல் அர்ஜென்டினாவில் நடந்த பெரிய ஆய்வு, எல்லோரையும் வெட்டுவதால் பெருங்கிழிசல் குறைவதில்லை என்று காட்டியது. 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் வழக்கமாகக் கத்தரிப்பதை வெளிப்படையாகவே வேண்டாம் என்றது. நம் நாட்டில் பிரிட்டன் பழக்கப்படி பக்கவாட்டில் சாய்த்து வெட்டுவது வழக்கமானது ஒருவகையில் அதிர்ஷ்டம். அமெரிக்கர்களின் நேர்வெட்டு வந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

ஆக, ஒரு காலத்தில் நம் பெண்ணின் உடல் கிழியவே கிழியாதது. இன்னொரு காலத்தில் இனத்தாலேயே கிழிவது. 2012இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது சுவாரசியமான ஒன்று தெரிந்தது. மேற்கு நாடுகளில் பெறும் ஆசியப் பெண்களுக்குத்தான் பெருங்கிழிசல் அதிகம். ஆசியாவிலேயே பெறும் ஆசியப் பெண்களுக்கு இனம் ஒரு காரணியாகத் தெரியவில்லை. உடல் அதேதான், அறைதான் மாறுகிறது. அப்படியென்றால் பார்க்க வேண்டியது அறையை அல்லவா?

அறைக்குள் என்ன நடக்கிறது? தலை வெளியே வரும் அந்த ஒரு நிமிடம்தான் முக்கியம். அதுவரை 'முக்கு முக்கு' என்றவர்கள் சட்டென்று 'முக்காதே, மூச்சை ஊது' என்பார்கள். தலை மெதுவாக வரவேண்டும். இந்த வாக்கியம் அந்தப் பெண்ணுக்கு அந்த நொடியில், அந்த வலியில், புரிய வேண்டும். தோட்டத்தைத் தாண்டிப் போகாத ஒரு பெண் அரசாங்க ஆஸ்பத்திரிக் கட்டிலில் மல்லாந்து கிடக்கிறாள், "ஜாங்கான் தெரான் டுலு" என்று ஒரு குரல் கேட்கிறது. சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்குமளவுக்கு மலாய் தெரியும். 'தெரான்' சந்தையில் வரும் சொல் அல்ல. மொழி தெரியாமை எந்தப் பட்டியலிலும் 'இனம்' என்ற அளவுக்குத் தடித்த எழுத்தில் வருவதில்லை.

இரண்டாவது, கை. நார்வேயில் 1960களின் கடைசியில் 1 சதவீதத்துக்கும் குறைவாக இருந்த பெருங்கிழிசல் 2004இல் 4.3 சதவீதமாக ஏறியிருந்தது. இயற்கையாக விடுவோம், கை வைக்க வேண்டாம் என்ற போக்கு பரவிய காலம் அது. பக்கத்து ஃபின்லாந்தில் செவிலியர் ஒரு கையால் குழந்தையின் தலையைத் தடுத்து, மறு கையால் பெரினியத்தைத் தாங்கிப் பிடிக்கும் பழைய முறையை விடவில்லை, அங்கே எண்ணிக்கை குறைவு. நார்வேயின் ஃப்ரெட்ரிக்ஸ்டாட் ஆஸ்பத்திரியில் அந்தப் பிடியைச் சொல்லிக்கொடுத்தார்கள். சில வருடங்களில் 4.03 சதவீதத்திலிருந்து 1.17 சதவீதத்துக்கு இறங்கியது. எந்தப் பெண்ணின் இனமும் மாறவில்லை. கை மாறியது. முக்கும் கட்டத்தில் வெந்நீரில் நனைத்த துணியை ஒற்றிக்கொண்டே இருப்பதும் பெருங்கிழிசலைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன.

இங்கே மருத்துவச்சிக் கிழவியைத் தூக்கிக் கொண்டாடும் ஆசை எனக்கும் வருகிறது. வெந்நீர்த் துணி, தாங்கும் கை, குந்தும் நிலை எல்லாம் அவளிடம் இருந்ததே! ஆனால் கணக்கு அவ்வளவு அழகாக இல்லை. நிமிர்ந்த நிலையில் பெறும்போது கத்தரிப்பு குறைகிறது, இரண்டாம் நிலைக் கிழிசல் கூடலாம், இரத்தப்போக்கும் கூடலாம். இரத்தம் போனால் கிழவியால் ஒன்றும் செய்ய முடியாது. லயத்துப் பெண்களுக்கு ஏற்கெனவே சோகை. 1950இல் மலாயாவில் ஒரு லட்சம் பிறப்புக்கு 500க்கும் மேற்பட்ட தாய்கள் இறந்தார்கள். பயிற்சி பெற்ற பிடான்கள், கிராமக் கிளினிக்குகள், 1966இன் மருத்துவச்சிகள் சட்டம், இரத்த வங்கி, சாலை என்று ஒவ்வொன்றாக வந்து அந்த எண் கீழே இறங்கியது. உலக வங்கி 2003இல் மலேசியாவையும் இலங்கையையும் சேர்த்து ஒரு புத்தகமே போட்டது, மற்ற நாடுகள் பார்த்துக் கற்றுக்கொள்ள. என் அத்தைகளில் இரண்டு பேர் உயிரோடு இருப்பது அந்த மாற்றத்தால்தான். எனவே கயிற்றையும் உத்திரத்தையும் பற்றி ஏக்கக் கவிதை எழுத என்னிடம் ஒன்றுமில்லை.

இறப்பைக் குறைப்பதற்காகக் கட்டப்பட்ட அமைப்பு இறப்பையே தேடும், அது இயல்பு. கர்ப்பிணிகளின் பிங்க் புத்தகத்தில் ஒட்டப்படும் வண்ணக் குறியைப் பாருங்கள். சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி, மஞ்சள், பச்சை, வெள்ளை என்று இறங்கிவரும். உயரம் 145 சென்டிமீட்டருக்குக் குறைவா என்றுகூட அதில் பார்ப்பார்கள். குள்ளமான தோட்டப் பெண்கள் பலர் அந்த ஒரு அளவாலேயே பட்டியலில் ஏறியிருப்பார்கள். அந்த உயரம் எங்கிருந்து வந்தது? 40 காசுக் கூலியில் சாப்பிட்ட தாயின் வயிற்றிலிருந்து. நான்கு கிலோக் குழந்தை என்ற காரணி லயத்தில் அரிது. அதற்குப் பதிலாகச் சத்துக் குறைந்து வளர்ந்த ஒடுங்கிய இடுப்பும் அதனால் நீளும் வலியும் இருந்தன. மலையில் இருப்பது தானா ராத்தா அரசு மருத்துவமனை. சிக்கல் என்றால் கீழே இறங்க வேண்டும். சிம்பாங் பூலாய் பாதை திறக்கும்வரை தாப்பா பாதைதான், ஒவ்வொரு வளைவும் வலியோடு.

ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் எழுதிய நாவலை நம்மில் பலர் 'எரியும் பனிக்காடு' என்ற தமிழாக்கத்தில் படித்திருப்போம். தேயிலையின் வன்முறையை எழுத ஒரு மருத்துவர் தேவைப்பட்டார் என்பது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். நம் மலையகத்துக்கு அப்படி ஒரு டிரெஸர்கூட எழுதவில்லையே என்று வருத்தப்படுவேன். பிறகு, எழுதியிருந்தாலும் பாட்டி அவரிடம் காட்டவில்லையே என்று தோன்றும்.

பிரசவ விடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 1955 வேலைவாய்ப்புச் சட்டம் கொடுத்தது 60 நாள். 2023 ஜனவரி முதல் 98 நாள். மூன்றாம் நிலைக் கிழிசல் ஓரளவு ஆறவே ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். அந்த 60 நாள் முடிந்து, முதுகில் கூடையோடு, கழிப்பறை இல்லாத சரிவில், காலை அகட்டி ஊன்றி நின்று, நிறுவைக்குக் கொழுந்து பறித்தவர்கள் எத்தனை பேர் என்று யோசிக்கிறேன். அத்தை சொன்னதில் இன்னொன்றும் இருக்கிறது. பாட்டி எப்போதும் காட்டோரத்து நிரையைத்தான் கேட்டு வாங்குவாராம். தண்டல் அதை விசுவாசம் என்று நினைத்துக்கொண்டாராம், தூரமான நிரைக்கு மற்றவர்கள் போக மாட்டார்கள் என்பதால்.

இதற்கு இன்று வைத்தியம் உண்டு. இடுப்படித் தசைப் பயிற்சி உண்டு, பழைய காயத்தைத் திறந்து மறுபடி தைக்கும் அறுவை உண்டு. கேட்டால்தான் கிடைக்கும். அக்காவின் இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்த மிஸ்ஸி காயத்தைப் பார்த்துவிட்டு, "காற்று, மலம் அடக்க முடியுதா?" என்று நேராகவே கேட்டாராம். அக்கா சொல்லும்போது அத்தையும் பக்கத்தில் இருந்தார். "அப்படியெல்லாம் வாயத் தொறந்து கேப்பாங்களா?" என்றார்.

அந்தச் சரிவுகளில் இப்போது கொழுந்தை இயந்திரம் பிடித்து வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் வங்கதேசத்து, நேப்பாள, இந்தோனேசிய ஆட்கள். வெளிநாட்டுத் தொழிலாளிக்குப் பெர்மிட் கொடுக்கும் முன் செய்யும் ஃபொமேமா பரிசோதனையில் பெண்களுக்குக் கர்ப்பமும் பார்க்கப்படும். இருந்தால் தகுதியில்லை என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். 1938க்குப் பிறகு இந்த மலைக்கு ஆள் தந்தவை லயத்துப் பிரசவங்கள். பாட்டி வேலை செய்த தோட்டத்தில் ஆயாக் கொட்டகை இன்னும் நிற்கிறது, உரமூட்டைகள் அடுக்கியிருக்கிறார்கள்.